கிழங்குக் குழியில் கிடைத்த பெயர்



இந்தப் பொழிவை நடத்தும் அறக்கட்டளை பள்ளி ஆசிரியை ஒருவரின் நினைவாக அமைந்தது. வருகைப் பதிவேட்டைத் திறந்து வைத்துக்கொண்டு காலைதோறும் பெயர் கூப்பிட்டவர் அவர். அதனால் இந்த ஆண்டுப் பொழிவுக்குப் பெண் பெயர் ஒன்றையே பொருளாக எடுத்துக்கொண்டேன். வள்ளி என்ற பெயர்.

நான் சொல்லவருவதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். அம்மன்களின் பெயரைப் பெண் குழந்தைக்கு இடுவது நம் வழக்கம். மீனாட்சி மதுரையை ஆண்ட அரசி. காமாட்சி காஞ்சிக்கும் விசாலாட்சி காசிக்கும் உரியவர்கள். இலக்குமியிடம் செல்வம் இருக்கிறது, சரசுவதியிடம் கல்வி இருக்கிறது. வள்ளிக்கு ஆள்வதற்கு நாடு கிடையாது. அவளுக்கு இருந்தது ஒரு வேலை. பரண் மேல் நின்று, கவண் சுழற்றி, ஆலோலம் பாடித் தினைப்புனத்தில் விழும் கிளிகளை ஓட்டும் வேலை. காட்டில் பாடுபட்ட அந்தப் பெண்ணின் பெயர்தான் தெய்வப் பெயராகி, வணிகர் வீடுகளுக்கும் வக்கீல் வீடுகளுக்கும், கடல் கடந்து ஜோகன்னஸ்பர்க்குக்கும் போயிற்று. போன இடமெல்லாம் தன் பழைய சரித்திரத்தையும் உடன் கொண்டுபோயிற்று. அதைக் காட்டுவதே என் எண்ணம்.

வள்ளி என்பது முதலில் ஒரு கொடியின் பெயர். மலைக்காட்டில் மரங்களைப் பற்றிப் படரும் கொடி, அதன் அடியில் விளையும் கிழங்கு, இரண்டுக்கும் அதுவே பெயர். காட்டு வள்ளிக்கிழங்கு மண்ணின் மேலாகக் கிடைப்பதில்லை. பழனி மலைப் பகுதியில் வாழும் பளியர்கள் கொடியின் போக்கைப் பார்த்தே கிழங்கு இறங்கியிருக்கும் இடத்தைக் கணித்து, கூரிய கோலால் கல்லும் வேரும் விலக்கித் தோண்டுவார்கள். கிழங்கு ஆழத்தில் இருப்பதால் குழியும் ஆழமாகவே அமையும். ஒரு பச்சைக் குழந்தை வெளியே தெரியாமல் படுத்திருக்கலாம். வள்ளியின் பிறப்புக் கதையைப் படிக்கும்போது இந்தக் குழியை மனத்தில் கொள்ள வேண்டும். கதையை முதலில் சொன்னவர்கள் அந்தக் குழியை வெட்டிப் பழகியவர்களாகத்தான் இருந்திருப்பார்கள் என்று நான் உறுதியாக நம்புகிறேன்.

காஞ்சிபுரம் குமரகோட்டத்தில் கச்சியப்ப சிவாசாரியார் இயற்றிய கந்தபுராணத்தின் நிறைவில் வள்ளியின் திருமணம் வருகிறது. தவம் செய்துகொண்டிருந்த சிவமுனியின் கண்ணில் ஒரு மான் படுகிறது. அந்த மான் கருவுற்று, வேடர் குலப் பெண்கள் கிழங்கு அகழ்ந்த குழியில் ஒரு பெண் மகவை ஈன்றுவிட்டுப் போய்விடுகிறது. பெண் பிள்ளை இல்லாத குறவர் தலைவன் நம்பி அதை எடுத்து வளர்க்கிறான். வள்ளிக்கிழங்கு எடுத்த குழியில் கிடைத்ததால் வள்ளி என்று பெயர். பெயர்க்காரணம் இவ்வளவு மண்வாசனையோடு இருப்பதைப் புராண மரபு அப்படியே விட்டுவைக்கவில்லை. இவள் முற்பிறப்பில் திருமாலின் மகள் சுந்தரவல்லி, தெய்வானையோ அவள் தமக்கை அமுதவல்லி, இருவரும் முருகனை அடையத் தவம் இருந்தவர்கள் என்று ஒரு முன்கதையையும் சேர்த்தது. குறவர் மகளை முருகன் மணந்ததற்கு ஒரு சமாதானம் தேவைப்பட்டிருக்கிறது. ஊரார் அந்த முன்கதையைக் கேட்டுக்கொண்டார்கள். பிள்ளைக்குப் பெயரிடும்போது கிழங்குக் குழிப் பெயரையே இட்டார்கள்.

இங்கே வல்லி, வள்ளி இரண்டையும் பிரித்துப் பார்க்க வேண்டும். வடமொழியில் வல்லி என்றாலும் கொடிதான். மரகதவல்லி, கனகவல்லி, அமிர்தவல்லி என்று கோயில் தாயார்களின் பெயரில் பின்னொட்டாக நிற்பது அது. எழுத்தாளர் வல்லிக்கண்ணன் தம் ஊரான இராசவல்லிபுரத்திலிருந்து புனைபெயருக்கு எடுத்துக்கொண்டதும் அதுவே. வள்ளிக்குத் துணைச்சொல் தேவையில்லை, தனியாகவே முழுப்பெயர். ஒலியில் ஓர் எழுத்துத்தான் வேறுபாடு. ஆனால் வல்லி மரகதத்தோடும் கனகத்தோடும் சேர்ந்தே நடக்கும், வள்ளியின் கையில் மண் ஒட்டியிருக்கும்.

அந்த மண்ணை நம் சமையலறையிலும் பார்க்கலாம். சர்க்கரைவள்ளிக்கிழங்கும் மரவள்ளிக்கிழங்கும் அமெரிக்கக் கண்டத்துப் பயிர்கள். ஐரோப்பியர் கப்பல்கள் வந்த பிறகே அவை இந்தியாவுக்கு வந்தன. திருவிதாங்கூரில் 1880 முதல் 1885 வரை ஆண்ட விசாகம் திருநாள் மரவள்ளியைப் பரப்பப் பெருமுயற்சி எடுத்தார். அரிசி எட்டாத ஏழைகளுக்கு அது சோறாயிற்று. எங்கோ பிறந்த இந்தக் கிழங்குகள் வந்திறங்கியபோது நம் மக்கள் வெளிநாட்டுப் பெயரை வாங்கி ஒட்டவில்லை. பசிக்கு மண்ணிலிருந்து எடுப்பது வள்ளி என்று அவர்களுக்குத் தெரியும்.

இனி இலக்கியத்துக்கு வருவோம். நற்றிணையின் 82-ஆம் பாடலில் தலைவன் ஒருவன் தன்னோடு வரும் பெண்ணின் அழகைக் கண்டு, முருகனைக் கூடி அவனோடு நடந்த வள்ளியைப் போல் இருக்கிறாய் என்கிறான். வள்ளி யார் என்று அந்தப் பாடல் விளக்கவில்லை. உவமை என்பது கேட்பவருக்கு முன்பே தெரிந்ததைக்கொண்டு சொல்வது. ஆக அந்தக் காலத்திலேயே வள்ளியின் கதை விளக்கம் வேண்டாத அளவுக்குப் பரவியிருந்தது. திருமுருகாற்றுப்படையில் முருகனின் ஆறு முகங்களுக்கும் தனித்தனிப் பணி சொல்லப்படுகிறது. உலகுக்கு ஒளி தருவது, அடியார்க்கு வரம் தருவது, வேள்வி காப்பது, போர்க்களம் காண்பது போன்ற பணிகள். ஒரு முகத்துக்கு மட்டும் குறவர் மகள் வள்ளியோடு சிரித்து மகிழ்வது பணி. உலகையெல்லாம் காக்கும் கடவுள் ஒரு முகத்தை முழுவதுமாக அவளுக்கு ஒதுக்கிவைத்திருக்கிறார். எத்தனை முறை படித்தாலும் அந்த இடத்தில் நான் நின்றுவிடுவேன்.

பரிபாடலின் 9-ஆம் பாடல், குன்றம்பூதனார் பாடியது, இந்தப் பெயரின் வரலாற்றில் தலையாய இடம் பெற வேண்டியது. திருப்பரங்குன்றத்தில் தெய்வானையும் வள்ளியும் ஊடிப் பூசலிடுகிறார்கள். அவர்களுடைய தோழியர் மோதுகிறார்கள், மயில்களும் கிளிகளும்கூட அணி பிரிந்து சண்டையிடுகின்றன. விளையாட்டாகத் தோன்றும் இந்தப் பூசலுக்குள் ஒரு வாதம் இருக்கிறது. தெய்வானை இந்திரன் மகள். தந்தை கொடுக்க, ஊர் கூடி நடந்த கற்பு மணம் அவளுடையது. வள்ளி தானே விரும்பி முருகனோடு கூடிய களவு மணத்துக்காரி. அந்தக் களவொழுக்கமே தமிழின் சிறப்பு, தமிழை ஆய்ந்தவர்க்கே அதன் பயன் தெரியும் என்று பாடல் வெளிப்படையாகவே வள்ளியின் பக்கம் நிற்கிறது. நான்மறை வல்ல புலவர்களை நோக்கிச் சொல்லப்படும் பேச்சு அது. ஒரு பெண் தன் துணையைத் தானே தேர்ந்ததைத் தமிழின் இலக்கணமாகவே உயர்த்திய இடம்.

மக்களும் அந்தத் தீர்ப்பை ஏற்றுக்கொண்டார்கள் என்பதற்கு ஒரு சின்னச் சான்று உண்டு. மண வரிசையில் தெய்வானை மூத்தவள். ஆனால் நாம் சொல்வது வள்ளி தெய்வானை. கோயில் அழைப்பிதழ்களிலும் அந்த வரிசைதான். சன்னிதியிலும் முருகனின் வலப்பக்கத்தில் வள்ளி நிற்கிறாள்.

சைவ மரபில் வள்ளியை இச்சா சக்தி என்றும், இறைவன் தேடி வந்து ஆட்கொண்ட ஆன்மா என்றும் விளக்குவார்கள். ஆழமான விளக்கம், அதை மறுக்க நான் இங்கு வரவில்லை. ஆன்மா என்று மட்டும் சொல்லி நிறுத்திவிட்டால் புனத்தில் வெயிலில் நின்ற பெண்ணை மறந்துபோவோம் என்பதே என் கவலை.

அவளைத் தங்கள் ஊர்ப்பெண் என்று உரிமை கொண்டாடும் இடங்கள் பல. வேலூர்ப் பக்கத்து வள்ளிமலைக்கு அந்த உரிமை அழுத்தமானது. ஒரே குன்றில் முருகன் கோயிலும், கங்க மன்னன் இராசமல்லன் காலத்துச் சமணச் சிற்பங்களும் இருக்கின்றன. திருப்புகழைத் தமிழ்நாடெங்கும் பரப்பிய சச்சிதானந்த சுவாமிகள் அங்கே தங்கித்தான் வள்ளிமலைச் சுவாமிகள் என்று பெயர் பெற்றார். குமரி மாவட்டத்தில் தக்கலைக்கு அருகே வேளிமலைக் குமாரகோயிலில் பங்குனி மாதத்து வள்ளி கல்யாணத்தில், மகளைக் கொண்டுபோகும் முருகனோடு குறவர்கள் போரிடும் படுகளம் நடத்திக்காட்டப்படுகிறது. திருச்செந்தூரில் கடலோரக் குன்றைக் குடைந்த வள்ளி குகை இருக்கிறது. இலங்கையின் கதிர்காமத்தில் வள்ளியம்மன் கோயில் வீதியின் மறுகோடியில் நிற்கிறது. ஆடித் திருவிழாவில் கதிர்காமக் கந்தனின் ஊர்வலம் இரவுதோறும் அவள் கோயிலுக்குப் போய்த் திரும்புகிறது. அவளை நாடி அவன் போகிறான் என்பதே அங்கே வழிபாட்டின் அடிப்படை. அங்கே அவள் வேடர் குலத்துப் பெண். சிங்களரும் அவளை வள்ளி அம்மா என்றே வணங்குகிறார்கள்.

ஆனாலும் பெயர் ஊர் ஊராகப் போய்ச் சேர்ந்ததில் மேடைக்குப் பெரும் பங்குண்டு. சங்கரதாஸ் சுவாமிகள் (1867–1922) எழுதிய நாடகங்களில் இன்றளவும் அதிகம் நடப்பது வள்ளி திருமணம். மதுரை, சிவகங்கை, புதுக்கோட்டை மாவட்டங்களில் கோயில் திருவிழா என்றால் ஓர் இரவு இந்த நாடகத்துக்கு. ஸ்பெஷல் நாடகம் என்று சொல்லப்படும் இதில் ராஜபார்ட் ஓர் ஊரிலிருந்தும் ஸ்திரீபார்ட் வேறோர் ஊரிலிருந்தும் வருவார்கள், ஒத்திகை கிடையாது. கதை எல்லோருக்கும் தெரியும். கூட்டம் காத்திருப்பது தர்க்கத்துக்காக. நாரதர் வந்து முருகனுக்காகத் தூது பேசுவார், வள்ளி வழக்காடுவாள். பிறகு வேடனாக முருகன் வந்து மான் ஒன்றைத் தேடுவதாகச் சொல்லிப் பேச்சை வளர்ப்பான், அவள் வார்த்தைக்கு வார்த்தை மடக்குவாள். பாட்டும் வசனமும் அந்த நேரத்தில் பிறப்பவை. வள்ளியாக வருகிற நடிகைக்குக் குரல் மட்டும் போதாது, வாதத்திறமை வேண்டும். தர்க்கத்தில் தோற்றுப்போன வள்ளியை ஊர் மன்னிக்காது. ஊரார் முன்னால் ஆணுக்குச் சமமாக நின்று கேள்வி கேட்கும் பெண்ணை நள்ளிரவு தாண்டியும் கண்விழித்துப் பார்த்த தாய்மார்கள், தம் பிள்ளைக்கு அந்தப் பெயரை இட்டிருக்கிறார்கள். எஸ்.ஜி. கிட்டப்பாவும் கே.பி. சுந்தராம்பாளும் புகழ்பெற்றது இந்த மேடை மரபில்தான். 1945-இல் ஏ.வி. மெய்யப்பன் எடுத்த ‘ஸ்ரீ வள்ளி’ படத்தில் டி.ஆர். மகாலிங்கம் முருகன், குமாரி ருக்மிணி வள்ளி. வள்ளியின் பாட்டுக்குக் குரல் பி.ஏ. பெரியநாயகியுடையது.

வீடுகளில் இந்தப் பெயர் எடுத்த வடிவங்கள் பல: வள்ளியம்மை, வள்ளியம்மாள், வள்ளிநாயகி, வள்ளிக்கண்ணு, வள்ளிமயில். ஆண்களுக்கும் அவள் பெயரே முன்னால் நிற்கிறது: வள்ளியப்பன், வள்ளிநாயகம், வள்ளிமுத்து, வள்ளிமணாளன். குழந்தைக் கவிஞர் அழ. வள்ளியப்பாவை (1922–1989) நினைத்துப் பாருங்கள். முருகனுக்கே வள்ளியின் கணவன் என்பது பெயராகிவிட, அந்தப் பெயர் ஆண்பிள்ளைகளுக்கும் வந்து சேர்ந்தது.

செட்டிநாட்டில் வள்ளியம்மை நிலைத்ததற்கு முருகன் பக்தி ஒரு காரணம். தைப்பூசத்துக்குப் பழனிக்குக் காவடி எடுத்துப் பாதயாத்திரை போகும் மரபு நகரத்தாருடையது. இன்னொரு காரணம் பாட்டி பெயரைப் பேத்திக்கு இடும் வழக்கம். இப்படிப் பெயரிட்டால் ஒரு தலைமுறை விட்டு ஒரு தலைமுறை பெயர் திரும்பி வந்துகொண்டே இருக்கும். இதில் ஒரு சிக்கலும் உண்டு. மாமியார் பெயரை மருமகள் வாயால் சொல்லக்கூடாது. தன் மகளையே பெயர் சொல்லிக் கூப்பிட முடியாத தாய், பாப்பா என்றும் ஆத்தா என்றும் கூப்பிட்டாள். ஏட்டில் வள்ளியம்மையாக இருந்தவர்கள் வாழ்நாள் முழுதும் வேறு பெயரால் அழைக்கப்பட்டது இதனால்தான். ஒரு பெயர் எத்தனை பேருக்கு இருந்தது என்பது வேறு, எத்தனை வாய்கள் அதைச் சொல்லின என்பது வேறு.

இந்தப் பெயரைத் தாங்கிய இரண்டு பெண்களைப் பற்றி நான் சொல்லியாக வேண்டும்.

ஒருவர் வ.உ. சிதம்பரம் பிள்ளையின் முதல் மனைவி வள்ளியம்மை. 1895-இல் மணமுடித்து, சில ஆண்டுகளே வாழ்ந்து மறைந்தவர். கண் தெரியாத துறவி ஒருவரை வ.உ.சி. தம் வீட்டுக்கு அழைத்துவந்து தங்கவைத்தார். சாதியைக் காட்டிச் சுற்றத்தார் பழித்தார்கள். வள்ளியம்மை பழிப்புக்கு அஞ்சவில்லை, அவருக்கு உணவிட்டுப் பேணினார். வ.உ.சி. செய்யுளில் எழுதிய தம் சுயசரிதையில் இந்த மனைவியைப் பற்றிப் பெருமையோடு பதிந்திருக்கிறார். கப்பல் கம்பெனியும் சிறையும் செக்கும் அதற்குப் பிறகு வந்தவை. அந்தப் பெருவாழ்வின் தொடக்கத்தில் துணிந்து நின்ற இந்தப் பெண்ணை நாம் போதிய அளவு நினைப்பதில்லை.

மற்றவர் தில்லையாடி வள்ளியம்மை. தரங்கம்பாடிக்கு அருகிலுள்ள தில்லையாடி அவருடைய தாயின் ஊர். பிறந்தது ஜோகன்னஸ்பர்க்கில், 1898 பிப்ரவரி 22. 1913 மார்ச்சில் தென்னாப்பிரிக்காவில், கேப் நீதிமன்றத்தில் நீதிபதி சேர்ல் ஒரு தீர்ப்பளித்தார். கிறித்தவ முறைப்படி நடந்து பதிவு பெற்ற திருமணங்களைத் தவிர மற்றவை சட்டத்தின் கண்ணில் செல்லாதவை ஆயின. இந்து, முஸ்லிம், பார்சி மனைவியர் அனைவரும் ஒரே நாளில் மனைவியர் என்ற நிலையை இழந்தார்கள். மூன்று பவுண்டு தலைவரியோடு இதையும் எதிர்த்துக் காந்தி தொடங்கிய போராட்டத்தில் பெண்கள் இறங்கினார்கள். வள்ளியம்மை அப்போது பதினாறை எட்டாத பெண். எல்லை கடந்து கைதாகி, மூன்று மாதக் கடுங்காவல் தண்டனை பெற்று மாரிட்ஸ்பர்க் சிறைக்குப் போனார். காய்ச்சலோடு வெளியே வந்தார். எலும்பும் தோலுமாகப் படுத்திருந்தவரைப் பார்த்த காந்தி, சிறை சென்றதற்காக வருந்துகிறாயா என்று கேட்டார். இப்போது பிடித்தாலும் மறுபடி போகத் தயார் என்பதே அவர் சொன்னதன் கருத்து. 1914 பிப்ரவரி 22, தம் பிறந்தநாளிலேயே இறந்தார். அடுத்த ஆண்டு காந்தி தில்லையாடிக்கே வந்து மரியாதை செலுத்தினார். சென்னை எழும்பூரில் கோ-ஆப்டெக்ஸ் தலைமையகக் கட்டடம் அவர் பெயரைத் தாங்கி நிற்கிறது. 2008-இல் இந்திய அஞ்சல்துறை அவருக்குத் தபால்தலை வெளியிட்டது.

இவர் பெயர் வேறாக இருந்திருந்தாலும் இதே வீரத்தைச் செய்திருப்பார், ஐயமில்லை. என்றாலும் எண்ணிப் பாருங்கள். ஊரும் சடங்கும் பதிவும் இல்லாத ஒரு மணத்தைத் தமிழின் சிறப்பென்று போற்றிய பாட்டு பரிபாடல். அந்த மணத்தின் நாயகி பெயரைத் தாங்கிய பெண், எந்தச் சட்டம் மறுத்தாலும் எங்கள் தாய்மார்களின் திருமணம் திருமணமே என்று சொல்லச் சிறைக்குப் போனாள்.

இன்றைய நிலை என்ன? பிறக்கும் குழந்தைகளுக்கு வள்ளி என்று பெயரிடுவது அரிதாகிவிட்டது. நட்சத்திர எழுத்துப் பார்க்கிறார்கள், எண்கணிதம் பார்க்கிறார்கள், உலகில் எவரும் எளிதாகச் சொல்லக்கூடிய பெயராக வேண்டும் என்கிறார்கள். ளகரம் பலர் நாவுக்குத் தொல்லையாகிவிட்டது. 2021-இல் வந்த ‘புஷ்பா’ படத்தின் பாட்டால் ஸ்ரீவள்ளி என்ற பெயரைப் பிள்ளைகள் மீண்டும் வாயாரச் சொன்னார்கள். சித்தூர் மலைக்காட்டுக் கதை அது. வள்ளிமலை சித்தூர் எல்லையிலிருந்து தொலைவில் இல்லை.

கொங்கு நாட்டில் வேறொரு காட்சி. வள்ளியின் கதையைப் பாடிக்கொண்டே ஆடும் வள்ளி கும்மிக்கு அங்கே புது உயிர் வந்திருக்கிறது. இதை நெடுங்காலம் பயிற்றுவித்த எம். பத்ரப்பனுக்கு 2024-இல் பத்மஸ்ரீ விருது கிடைத்தது. ஆண்கள் ஆடிய கலைக்குள் பெண்களைக் கொண்டுவந்தவர்களில் அவர் முக்கியமானவர். தொல்காப்பியம் வாடா வள்ளி என்று ஒன்றைச் சொல்கிறது. வாடும் வள்ளி கொடி, வாடாத வள்ளி கூத்து என்பது உரை. அந்தக் கூத்தும் இன்றைய கும்மியும் ஒன்றே என்று சொல்ல நடுவில் சான்று தொடர்ச்சியாக இல்லை. ஆனால் ஒரே நிறச் சேலை உடுத்திய பள்ளிச் சிறுமிகளும் பாட்டிகளும் வரிசை கட்டி அவள் கதைக்குக் கால் எடுத்து வைப்பதைப் பார்க்கும்போது எனக்குப் பெருமிதமாக இருக்கிறது. இவர்களில் ஒருத்திக்குக்கூட வள்ளி என்று பெயர் இல்லாமல் இருக்கலாம்.

மாணவர்களுக்கு ஒரு வேண்டுகோள். அரசர் பெயர்களுக்குக் கல்வெட்டு இருக்கிறது. சாதாரணப் பெண்களின் பெயர்களுக்கு இருப்பது நம் ஊராட்சிப் பள்ளிகளின் சேர்க்கைப் பதிவேடுகள், பழைய வாக்காளர் பட்டியல்கள், கடன் சங்கப் பேரேடுகள், கோயில் சுவரில் உபயம் என்று வெட்டிய சலவைக்கல் பலகைகள். பதிவேடுகளைக் கரையான் அரிக்கிறது, சுவர்களுக்கு வண்ணம் பூசும்போது பலகைகள் மறைகின்றன. ஆளுக்கு ஓர் ஊரை எடுத்துக்கொள்ளுங்கள். தலைமை ஆசிரியரிடம் முறையாக அனுமதி கேட்டு, பத்தாண்டுக்கு ஒரு பக்கமாகப் பெண் பெயர்களை மட்டும் எழுதிவாருங்கள். வள்ளி எந்தப் பக்கத்தில் வள்ளியம்மை ஆகிறாள், எந்தப் பக்கத்தில் ஸ்ரீவள்ளி ஆகிறாள், எந்தப் பக்கத்தோடு நின்றுபோகிறாள் என்று குறியுங்கள். அந்த ஊரில் இன்னும் இருக்கிற வள்ளிகளைத் தேடிப் போய், இந்தப் பெயரை உங்களுக்கு யார் வைத்தார்கள் என்று கேளுங்கள். அவர்கள் சொல்வதை அவர்கள் பேச்சிலேயே எழுதிக்கொள்ளுங்கள். அடுத்த ஆண்டுப் பொழிவுக்கு முன் இந்தத் துறை நூலகத்தில் அந்தக் குறிப்பேடுகள் சேர வேண்டும் என்று அவைத் தலைவரையும் கேட்டுக்கொள்கிறேன்.